ஓட்டாண்டி பெற்ற பிள்ளை

1986-இல் ஆப்பிள் கம்பெனி ஒரு க்ரே சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கியது. விலை சுமார் ஒன்றரைக் கோடி டாலர். அந்தக் காலத்தில் க்ரே வாங்கியவர்கள் அணுகுண்டு ஆராய்கிறவர்கள், வானிலை கணிக்கிறவர்கள், எண்ணெய்க் கிணறு தேடுகிறவர்கள். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனிக்கு அது எதற்கு? சொந்தமாக ஒரு பிராசசர் செய்யத்தான்.

அதிலும் சாதாரண பிராசசர் இல்லை. ஊரார் ஒரு சிப்பில் ஒரு பிராசசரை ஒழுங்காக அடக்கவே தடுமாறிக்கொண்டிருந்த நாளில், ஒரே சிப்பில் நான்கை வைத்துக் காட்டுகிறோம் என்று கிளம்பினார்கள். திட்டத்துக்கு அக்வேரியஸ் என்று பெயர், கும்ப ராசி. சிப்புக்கு ஸ்கார்பியஸ், விருச்சிகம். ராசி பார்த்துப் பெயர் வைத்தவர்கள் கையோடு நாளும் பார்த்திருக்கலாம். மூன்று வருடம் போயிற்று. 1989-இல் கடையைக் கட்டிவிட்டார்கள். சிப் வரவில்லை, க்ரே மட்டும் மிஞ்சியது. சும்மா நிற்க வைக்க முடியுமா? கம்ப்யூட்டர் பெட்டி வார்க்கிற அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் எந்த மூலைக்கு எப்படி ஓடும் என்று அதைக் கணக்குப் போட வைத்தார்கள்.

அடுத்த ஆப்பிளை வடிவமைக்க ஆப்பிள்காரர்கள் ஒரு க்ரே வாங்கியிருக்கிறார்கள் என்ற செய்தி, அந்த இயந்திரத்தின் பிரம்மாவான சேமூர் க்ரேயின் காதுக்குப் போனது. அப்படியா, அடுத்த க்ரேயை நான் ஒரு ஆப்பிளில்தானே வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன் என்றாராம் மனிதர்.

இந்தக் கூத்து ஆரம்பிப்பதற்கு ஒரு வருடம் முன்பே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஏகார்ன் என்ற கம்பெனியில் நாலைந்து பேர் க்ரேயும் இல்லாமல் ராசியும் பார்க்காமல் சொந்த பிராசசர் ஒன்றைச் செய்து, அதை ஓடவும் விட்டுவிட்டார்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கிற போனுக்குள் உட்கார்ந்திருப்பது அதன் வம்சம்தான். ஏகார்ன் இருந்த இடத்தில் இப்போது புல் முளைத்துவிட்டது.

ஏகார்னைத் தொடங்கியது 1978-இல், இரண்டு பேர். ஒருவர் ஹெர்மன் ஹவுசர், ஆஸ்திரியாவிலிருந்து பௌதிகம் படிக்க வந்து அப்படியே தங்கிவிட்டவர். இன்னொருவர் கிறிஸ் கரி, கிளைவ் சிங்க்ளேரிடம் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியேறியவர். அவர்களிடம் இருந்த உண்மையான சொத்து கேம்பிரிட்ஜிலிருந்து பிடித்து வந்த இரண்டு மூளைகள்: சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர்.

கம்பெனி எப்படி நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி போதும். 1981-இல் பிபிசி, நாட்டு மக்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஒரு டிவி நிகழ்ச்சி போட முடிவு செய்து, அதற்குத் தோதான இயந்திரம் தேடியது. ஏகார்னிடம் காகிதத்தில் ஒரு யோசனை இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. பிபிசிக்காரர்கள் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார்கள். ஹவுசர் வில்சனுக்குப் போன் போட்டு, ஐந்து நாளில் முடியுமா, ஃபர்பர் முடியும் என்கிறாரே என்றார். பிறகு ஃபர்பருக்குப் போன் போட்டு, வில்சன் முடியும் என்கிறாரே என்றார். இருவரும் தனித்தனியாக மாட்டிக்கொண்டார்கள். நம்மூர்க் கல்யாணத் தரகர்கள் இதைவிட நேர்மையானவர்கள்.

ராத்திரி பகலாக ஒயரைச் சுற்றினார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எல்லாம் பொருத்தியாயிற்று, ஆனால் இயந்திரம் மூச்சு விட மறுத்தது. சோதனைக்கு உதவிய வேறொரு கம்ப்யூட்டரோடு அதை ஒரு ஒயரால் இணைத்து வைத்திருந்தார்கள். அந்த ஒயரைக் கத்தரித்துப் பாருங்கள் என்றார் ஹவுசர். கம்பெனியில் எலெக்ட்ரானிக்ஸ் தெரியாத ஒரே ஆசாமி அவர்தான் என்பதால் யாரும் சட்டை செய்யவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் கத்தரித்தார்கள். ஓடியது. காலை பத்து மணிக்கு வந்த பிபிசிக்காரர்கள் திருப்தியோடு போனார்கள். பன்னிரண்டாயிரம் விற்றால் அதிகம் என்று நினைத்த பிபிசி மைக்ரோ, பதினைந்து லட்சத்துக்குப் பக்கத்தில் விற்றது.

இதில் வயிறு எரிந்தவர் பழைய முதலாளி சிங்க்ளேர். அந்த பிபிசி ஒப்பந்தம் தனக்கு வரவேண்டியது என்று அவர் எண்ணம். 1984 கிறிஸ்துமஸ் சமயம் ஏகார்ன் ஒரு பத்திரிகை விளம்பரம் கொடுத்தது: சிங்க்ளேர் கம்ப்யூட்டர்கள் எத்தனை சதவீதம் பழுதாகித் திரும்பி வருகின்றன என்று கணக்கோடு. கேம்பிரிட்ஜில் பாரன் ஆஃப் பீஃப் என்று ஒரு மதுக்கடை உண்டு. அங்கே கரியைக் கண்ட சர் கிளைவ் சிங்க்ளேர், பட்டம் பெற்ற கனவான், பத்திரிகையைச் சுருட்டிக் கரியின் மண்டையில் போட்டார். பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் தொழிலின் போட்டி ஆய்வு அறிக்கை என்று ஏதாவது ஒன்று இருந்தால் அதுதான்.

சரி, பிராசசர் கதைக்கு வருவோம்.

அன்றைய கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் கடை மாவில் தோசை சுட்டவர்கள்தான். மாஸ் டெக்னாலஜி, மோட்டரோலா, இன்டெல், ஜைலாக் என்று நாலு கடை. ஆப்பிளும் ஏகார்னும் வாங்கியது ஒரே கடையில்: 6502 என்ற பிராசசர். 1975-இல் மற்றவர்கள் நூறு டாலருக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தபோது இதை இருபத்தைந்து டாலருக்கு விற்றார்கள். சான்பிரான்சிஸ்கோ கண்காட்சி அரங்கில் விற்கக்கூடாது என்று விதி இருந்ததால் ஓட்டல் அறையில் வைத்துக் கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஜாடியின் மேல்பக்கம் மட்டும்தான் நல்ல சிப். அடியில் கிடந்தவை வேலை செய்யாத சொத்தை என்று, விற்ற சக் பெடிலே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

1983 வாக்கில் 6502-க்கு வயதாகிவிட்டது. ஏகார்ன்காரர்கள் சந்தையில் இருந்த புதுச் சரக்கை எல்லாம் சோதித்தார்கள். எதுவும் பிடிக்கவில்லை. நினைவகச் சிப்புகள் கொடுக்கிற வேகத்தில் பாதியைக்கூட இந்தப் பெரிய பிராசசர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கட்டளையை ஆரம்பித்தால் முடிகிறவரை நடுவே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. இன்டெல்லின் 286-ஐக் கொஞ்சம் மாற்றித் தருவீர்களா என்று கேட்டார்கள். இன்டெல் மறுத்துவிட்டது. அன்று அவர்கள் சரி என்று சொல்லியிருந்தால் பிறகு நடந்தது எதுவும் நடந்திருக்காது என்பது ஹவுசரின் அபிப்பிராயம். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். உலகத்தில் ‘முடியாது’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு இவ்வளவு அபராதம் கட்டிய கம்பெனி வேறு இருக்காது.

அந்தச் சமயத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து சில ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஹவுசரிடம் வந்தன. அப்போதைய மோஸ்தர், பிராசசருக்கு எத்தனை கட்டளை தெரியுமோ அத்தனை பெருமை. பெர்க்லிக்காரர்கள் அதற்கு எதிர்த்திசை: கொஞ்சம் கட்டளை போதும், ஒவ்வொன்றும் எளிமையாக, சட்டென்று முடியட்டும். இந்தப் பாணிக்கு ரிஸ்க் என்று பெயர். இதை வைத்து மாணவர்களே ஒரு சிப் செய்துவிட்டிருந்தார்கள். இருந்தாலும், பிராசசர் வடிவமைப்பது நம்மைப் போன்றவர்கள் செய்கிற காரியமா என்ற பயம் வில்சனுக்கும் ஃபர்பருக்கும் இருந்தது.

பயத்தைத் தெளியவைத்தது ஒரு பயணம். 1983 அக்டோபரில் இருவரும் அமெரிக்காவில் அரிசோனாவுக்குப் போனார்கள். 6502-ஐச் செய்தவர்களில் ஒருவரான பில் மென்ஷ் அங்கே அதன் அடுத்த தலைமுறையை வடிவமைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மாளிகை, நுழைவாயிலில் காவலாளி, வெள்ளை அங்கி விஞ்ஞானிகள் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனால், ஃபீனிக்ஸ் புறநகரில் ஒரு பங்களா வீடு. உள்ளே விடுமுறைக்கு வந்த மாணவப் பையன்கள் சில பேர் ஆப்பிள் II கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சிப்பின் துண்டு துணுக்குகளை வரைந்துகொண்டிருந்தார்கள். ஊர் திரும்பும்போது இருவருக்கும் ஒரே யோசனை: இவர்களே செய்யும்போது நமக்கென்ன கேடு?

ஹவுசர் சம்மதித்தார். இந்தத் திட்டத்துக்கு இன்டெல்லும் மோட்டரோலாவும் தங்கள் ஆட்களுக்குத் தரமுடியாத இரண்டு வசதிகளை நான் கொடுத்தேன் என்று அவர் பின்னாளில் பீற்றிக்கொள்வதுண்டு. முதலாவது, காசு இல்லை. இரண்டாவது, ஆள் இல்லை. ஆகவே சிக்கலாக எதையும் யோசிக்கவே வழியில்லை.

வில்சன் கட்டளைகளை வகுத்தார். ஃபர்பர் உள்கட்டமைப்பை வரைந்தார். சிப் சரியாக வேலை செய்யுமா என்று முன்கூட்டிச் சோதிக்க ஆப்பிளுக்கு ஒன்றரைக் கோடி டாலர் இயந்திரம் தேவைப்பட்டது. ஃபர்பர் அந்தக் காரியத்துக்கு பிபிசி மைக்ரோவில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற பேசிக் மொழியில், 808 வரி எழுதினார். அவ்வளவுதான். வீட்டுக் கம்ப்யூட்டர் தன் வாரிசைத் தானே ஒத்திகை பார்த்துக்கொண்டது.

ஒரு சங்கடம் இருந்தது. சிப் ஒரு வாட்டுக்கு மேல் மின்சாரம் தின்றால் சூடு தாங்காது. விலை கூடிய செராமிக் உறை போடவேண்டும். பிளாஸ்டிக் உறை மலிவு. கம்பெனிக்கு மலிவுதான் கட்டுப்படி. ஆனால் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று துல்லியமாகக் கணக்கிட நல்ல கருவி இல்லை. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் பயந்து பயந்து குறைத்துக்கொண்டே போனார்கள்.

1985 ஏப்ரல் 26-ஆம் தேதி விஎல்எஸ்ஐ என்ற ஆலையிலிருந்து சிப் வந்தது. பொருத்தினார்கள். முதல் தடவையிலேயே ஓடியது. பை (π) மதிப்பைச் சொல் என்று தட்டினார்கள், சரியாகச் சொல்லிற்று, ஷாம்பெய்ன் உடைத்தார்கள். இந்தத் தொழிலில் முதல் சிப் முதல் தடவையே ஓடுவது அபூர்வம். பெரிய கம்பெனிகளில் நாலாவது ஐந்தாவது திருத்தத்திலும் பூச்சி பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அதைவிட அபூர்வம் பிறகு நடந்தது. மின்சாரம் எவ்வளவு ஆகிறது என்று பார்க்க ஃபர்பர் மீட்டரை இணைத்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. மீட்டர் பழுதோ என்று பார்த்தால், இல்லை. சிப்புக்கு மின்சாரம் கொடுக்கிற இணைப்பே பலகையில் விட்டுப்போயிருந்தது. மற்ற கால்களில் சிக்னலாக வந்து கசிந்த மின்சாரத்தைக் குடித்தே அது இவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது. ஒழுங்காக இணைத்து அளந்தபோது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். உலகத்தின் மிகச் சிக்கனமான பிராசசர் பிறந்தது செல்போனை நினைத்து அல்ல, சுற்றுச்சூழலை நினைத்தும் அல்ல. பிளாஸ்டிக் உறைக்கு மேல் செலவழிக்க மனம் வராததால் பிறந்தது.

மொத்தம் 25,000 டிரான்சிஸ்டர். அதே வருடம் அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட 386-இல் 2,75,000. ஃபர்பர் பெருமை தாங்காமல் ஒரு பத்திரிகையாளருக்குப் போன் செய்து, நாங்கள் சொந்தமாக பிராசசர் செய்திருக்கிறோம் என்றார். நம்பமாட்டேன் என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். பத்திரிகைக்காரர்களின் மூக்கு எப்போதும் செய்தியை மோப்பம் பிடிக்கும் என்பார்கள்.

இதற்குள் வீட்டின் மறுபக்கம் தீப்பற்றிவிட்டது. எலெக்ட்ரான் என்று ஒரு மலிவு கம்ப்யூட்டரை 1983 கிறிஸ்துமஸுக்கு விற்கலாம் என்று போட்டார்கள். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், சரக்கு இல்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சரக்கு குவிந்தது, ஜனங்கள் இல்லை. சுமார் இரண்டரை லட்சம் எலெக்ட்ரான் கிடங்கில் தூங்க, கம்பெனி ஓட்டாண்டி ஆனது. 1985 பிப்ரவரியில் இத்தாலியின் ஒலிவெட்டி ஏறக்குறையப் பாதிப் பங்கை வாங்கிக் காப்பாற்றியது. உள்ளே ஒரு ரகசிய பிராசசர் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதை ஏகார்ன்காரர்கள் ஒலிவெட்டியிடம் சொல்லவே இல்லை. பெண் வீட்டார் வியாதியைத்தான் மறைப்பார்கள். புதையலை மறைத்தவர்கள் இவர்கள்தான்.

அந்த பிராசசரின் திருத்திய வடிவத்தை வைத்து 1987-இல் ஆர்க்கிமிடீஸ் என்ற கம்ப்யூட்டர் வந்தது. வேகம் பிரமாதம். வாங்கியது பெரும்பாலும் பிரிட்டிஷ் பள்ளிக்கூடங்கள். உலகம் ஐபிஎம் பக்கம் போய்விட்டது.

இப்போது ஆப்பிள் மறுபடி மேடைக்கு வருகிறது, இந்த முறை கையில் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு. நியூட்டன் என்று பெயர். பேனாவால் எழுதினால் புரிந்துகொள்ளும் என்று சொன்னார்கள். அதற்காக ஏடி அண்ட் டி-யிடம் காசு கொடுத்து ஹாபிட் என்றொரு பிராசசர் செய்யச் சொல்லி, அதுவும் தேறவில்லை. கடைசியில் கேம்பிரிட்ஜ் சரக்கு கண்ணில் பட்டது. 1990 நவம்பரில் ஏகார்ன், ஆப்பிள், விஎல்எஸ்ஐ மூன்றும் சேர்ந்து, அந்த பிராசசரின் பெயரிலேயே ஆர்ம் என்ற தனிக் கம்பெனி ஆரம்பித்தன. ஏகார்ன் கொடுத்தது பன்னிரண்டு எஞ்சினியர்கள். ஆப்பிள் கொடுத்தது சுமார் முப்பது லட்சம் டாலர், க்ரேயின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு நிபந்தனையும் வைத்தது: போட்டிக் கம்பெனியான ஏகார்னின் பெயர் அதில் இருக்கக்கூடாது. பெற்றவளின் இனிஷியலை எடுத்துவிட்டுத்தான் தத்து. அலுவலகம் ஸ்வாஃபம் புல்பெக் என்ற கிராமத்தில் ஒரு பழைய தானியக் களஞ்சியம்.

1993-இல் வந்த நியூட்டன், எழுதியதை வேறு என்னவோவாகப் படித்து ஊரெல்லாம் சிரித்தது. ஆனால் அந்த முப்பது லட்சம் வீண் போகவில்லை. 1998 முதல் சில வருடங்கள் ஆப்பிள் கஜானா வறண்டிருந்தபோது, ஆர்ம் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சுமார் 80 கோடி டாலர் தேற்றியது. விற்று முடித்ததும் கைகழுவிவிட்டது.

பெற்ற தாய்க்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஏகார்ன் வைத்திருந்த ஆர்ம் பங்குகளின் மதிப்பு, ஏகார்னின் மொத்த மதிப்பைவிட அதிகமாகிவிட்டது. வீட்டை இடித்தால் உள்ளே இருக்கிற நகை லாபம் என்று கணக்குப் போட்டார்கள் பணக்காரர்கள். 1999-இல் கம்பெனியைப் பிரித்து மேய்ந்தார்கள். சொந்தமாக பிராசசர் செய்த கம்ப்யூட்டர் கம்பெனியை, அந்த பிராசசரே விழுங்கி ஏப்பம் விட்டது.

ஆப்பிளின் கதை இதற்கிடையில் பெரிய கூத்து. 1984-இல் ஐபிஎம்மைக் கொடுங்கோலன் என்று டிவியில் காட்டியவர்கள், 1991-இல் அதே ஐபிஎம்மோடு கைகோத்து பவர்பிசி பிராசசர் செய்தார்கள். 1998-இல் இன்டெல் பென்டியத்தை நத்தையின் முதுகில் ஏற்றி விளம்பரம் போட்டார்கள். இன்டெல் விளம்பரங்களில் ஆலை அங்கி மாட்டிக்கொண்டு ஆடுகிற பேர்வழிக்குத் தீ வைத்து இன்னொரு விளம்பரம். 2003-இல் ஜி5 என்ற பவர்பிசியைக் காட்டி, பன்னிரண்டு மாதத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் வாக்குக் கொடுத்தார். பன்னிரண்டு மாதம் போயிற்று, வந்தது இரண்டரை. கம்ப்யூட்டருக்குள் ஒன்பது விசிறி, பிறகு தண்ணீர்க் குழாய் வேறு. அதை மடிக்கணினிக்குள் வைத்தால் மடி மிஞ்சாது என்பதால் வைக்கவே இல்லை.

2005 ஜூனில் ஜாப்ஸ் மேடையேறி, இனி இன்டெல் என்றார். அடுத்த ஜனவரியில் இன்டெல் தலைவர் பால் ஓட்டெலினி அதே ஆலை அங்கியை மாட்டிக்கொண்டு ஆப்பிள் மேடையில் தோன்றினார். தீ வைத்ததை யாரும் நினைவுபடுத்தவில்லை.

அப்போது இன்டெல் கையிலும் ஓர் ஆர்ம் இருந்தது. டெக் (DEC) என்ற கம்பெனி ஆர்மை எடுத்து ஸ்ட்ராங்ஆர்ம் என்று ஒரு படுவேகமான சிப் செய்தது. பேட்டன்ட் வழக்கு ஒன்றின் சமரசத்தில் அது இன்டெல்லிடம் வந்து சேர்ந்தது. இன்டெல் அதை வளர்த்து எக்ஸ்ஸ்கேல் என்று பெயர் மாற்றி, 2006 ஜூனில் மார்வெல் கம்பெனிக்கு 60 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. ஏழு மாதம் கழித்து ஜாப்ஸ் ஐபோனை எடுத்துக் காட்டினார். அதன் உள்ளே ஆர்ம். முதலில் ஆப்பிள் இன்டெல்லைத்தான் கேட்டது. கொடுக்கிற விலை கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டோம், பிறகு பார்த்தால் எண்ணிக்கை எல்லோரும் நினைத்ததைப் போல நூறு மடங்கு என்று 2013-இல் பதவி விலகும்போது ஓட்டெலினி மனம் நொந்து சொன்னார்.

ஸ்ட்ராங்ஆர்மைச் செய்த குழுவின் தலைவர் டேன் டாபர்புல். சிப் இன்டெல்லுக்குப் போனது, ஆள் போகவில்லை. பிற்பாடு பி.ஏ. செமி என்று சொந்தக் கம்பெனி போட்டு, ஆப்பிள் மடிக்கணினிக்கு ஆகட்டும் என்று சிக்கனமான பவர்பிசி ஒன்றைச் செய்தார். ஆப்பிள் இன்டெல் பக்கம் போய் அவரை நடுத்தெருவில் விட்டது. 2008-இல் திரும்பி வந்து 27 கோடியே 80 லட்சம் டாலருக்குக் கம்பெனியையே வாங்கி, அந்தச் சிப்பை ஓரம் கட்டிவிட்டு, ஆட்களை ஐபோனுக்கு பிராசசர் செய்ய உட்கார வைத்தது. 2010-இல் ஏ4. 2013-இல் ஏ7, போன்களில் முதல் 64 பிட்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2020 ஜூனில் டிம் குக் இன்டெல்லுக்கு விடை கொடுத்தார். நவம்பரில் எம்1 வந்தது: 1,600 கோடி டிரான்சிஸ்டர், தைவானில் அச்சடித்தது. வில்சன் வகுத்த கட்டளைகள் இடையில் எவ்வளவோ மாறிவிட்டன; மின்சாரத்தைச் சிக்கனமாகத் தின்கிற குணம் மட்டும் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. அந்த மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. அக்வேரியஸ் கனவு பலிக்க முப்பத்துநாலு வருடம் பிடித்தது.

இன்டெல் சும்மா இருக்கவில்லை. 2021-இல் ஆப்பிளின் பழைய விளம்பரங்களில் ‘நான் மேக்’ என்று வந்து நின்ற நடிகர் ஜஸ்டின் லாங்கையே பிடித்து, இன்டெல் கம்ப்யூட்டர்தான் உசத்தி என்று சொல்ல வைத்தது. சிப்பை வெல்ல முடியாவிட்டால் நடிகரையாவது தூக்கு என்பது ஒரு வியூகம்தான். 2023 ஏப்ரலில் அடுத்த வியூகம் வந்தது: ஆர்ம் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம். ஆர்மை வைத்து யார் போனுக்குச் சிப் வடிவமைத்தாலும் கொண்டு வாருங்கள், எங்கள் ஆலையில் அச்சடித்துத் தருகிறோம் என்றது இன்டெல். கூலிக்கு.